பெட்டி கட்டுவதற்கு முன்



கல்வியைப் பற்றி என்னவேண்டுமானாலும் பேசலாம் என்று இந்த அறக்கட்டளைப் பொழிவின் அமைப்பாளர்கள் உரிமை கொடுத்தார்கள். அந்த உரிமையை எடுத்துக்கொண்டு, ஒரு வாளியிலிருந்து தொடங்குகிறேன்.

கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஆண்டுகளில் பதினோரு ஆண்டுகள் நான் மகளிர் விடுதியின் துணைக் காப்பாளராகவும் இருந்தேன். ஒரு ஜூலை மாதம், புதிய மாணவிகள் வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. துவைகல் பக்கம் போனேன். முதலாண்டு மாணவி ஒருத்தி வாளிக்கு முன்னால் குந்தி அழுதுகொண்டிருந்தாள். சோப்புத் தூளைப் பாதி பாக்கெட் கொட்டியிருக்கிறாள். சிவப்புச் சுடிதாரையும் ஆய்வகத்துக்கு வாங்கிய வெள்ளைக் கோட்டையும் ஒன்றாக ஊறப் போட்டிருக்கிறாள். கோட்டு ரோஜா நிறமாகிவிட்டது. நான்கு முறை தண்ணீர் மாற்றியும் நுரை போகவில்லை. குழாயில் தண்ணீர் நிற்கும் நேரமும் வந்துவிட்டது.

அடுத்த கல்லில் துவைத்துக்கொண்டிருந்த இன்னொரு முதலாண்டு மாணவி எழுந்து வந்தாள். "ஏய், நுரையோட அப்படியே தண்ணிய மாத்திட்டே இருந்தா எப்பத் தீரும்? முதல்ல பிழி. பிழிஞ்சிட்டு அப்புறம் அலசு" என்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினார்கள். ஒரே வாளித் தண்ணீரில் அலசி முடித்து, துணியை உதறி, உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போட்டார்கள்.

அழுதவள் பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 570-க்கு மேல் வாங்கியவள். சோப்பு எப்படி அழுக்கைப் பிடித்து வெளியேற்றுகிறது என்பதை வேதியியல் தாளில் படம் போட்டு எழுதியிருப்பாள். கற்றுக்கொடுத்தவள் கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் மூத்த மகள். பத்து வயதிலிருந்து தம்பிகளுக்குச் சமைத்தவள். ஆங்கிலம் வரவில்லை என்று அதற்கு முந்தைய வாரம் என் அறையில் உட்கார்ந்து கண் கலங்கியவளும் அவள்தான்.

இந்த இரண்டு பெண்களும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. ஒருத்தியின் கையில் வீடு எந்த வேலையையும் விடவில்லை. மற்றவளின் கையில் வீடு தன் வேலை முழுவதையும் மிகச் சீக்கிரத்தில் போட்டுவிட்டது. அவளுக்குத் தெரிந்ததைக் கல்வி என்று அவளிடம் யாரும் சொல்லவும் இல்லை. இன்றைய என் பேச்சு இந்த இருவரைப் பற்றியது.

நீ போய்ப் படி

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-இல் வந்தது. அதற்கு முன் பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. படித்தார்கள். பிளஸ் டூ வந்தபின், வாழ்க்கை முழுவதையும் தீர்மானிக்கும் ஆண்டுகள் என்று இரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்தன. பிறகு நீட் வந்தது. 2017-18-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் வீட்டில் கேபிள் இணைப்பைத் துண்டிக்கிறோம், உறவினர் வருகையைத் தள்ளிப்போடுகிறோம். பிள்ளை எழுந்து தண்ணீர் எடுக்கப் போனால்கூட, "நீ போய்ப் படி, நான் எடுத்துட்டு வர்றேன்" என்கிறோம். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து உறைவிடப் பள்ளிகளுக்குப் பதினைந்து வயதிலேயே பெட்டி கட்டிக்கொண்டு போகும் பிள்ளைகளுக்கு வீட்டு வேலை கண்ணில் படுவதற்கே வழியில்லை.

அன்பினால் செய்கிறோம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நானும் செய்தேன். என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது, சாப்பிட்ட தட்டைக்கூட நான் கழுவ விட்டதில்லை. அவன் மேற்படிப்புக்கு வெளியூர் போன முதல் மாதம், அவன் நன்றாகச் சாப்பிடுகிறானா என்ற கவலையில் தூக்கம் வராமல் கிடந்தேன். அந்தக் கவலைக்கு விதை போட்டவள் நான்தான் என்று புரிய வெகுகாலம் ஆனது.

பதினேழு வயதில் பிள்ளைக்குப் படிக்க நேரம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தட்டைக் கழுவ இரண்டு நிமிடம் ஆகும். நாம் மிச்சப்படுத்திக் கொடுத்தது அந்த இரண்டு நிமிடம்தான். வீட்டில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்ற உணர்வை அதற்கு ஈடாக வாங்கிக்கொண்டோம்.

வேலை என்றால் நமக்கு ஏன் தயக்கம்?

கைவேலையைக் கல்வியோடு சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. 1937-இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. ஒரு கைத்தொழிலைச் சுற்றியே கணக்கும் அறிவியலும் கற்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டில் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமம் அந்த வழியில் நடந்தது.

ஆனால் 1953-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை இந்த மண் ஏற்கவில்லை. பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது அது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். மறுஆண்டு காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் எதிர்த்தது சரி. துவைப்பவர் மகன் துவைக்கவும் மண்பானை வனைபவர் மகன் வனையவும் கற்றால், மற்றவர் மகன் மட்டும் எழுதப் படிக்கக் கற்பான். தொழிலைப் பிறப்போடு கட்டுகிற கயிற்றை அறுக்காமல் கைவேலையின் மேன்மையைப் பேசுவது பொருந்தாது.

அந்தக் காயம் இருப்பதால்தான் இன்றும் ஒரு தகப்பனார், "என் பிள்ளை கையில் கரண்டியும் துடைப்பமும் படக்கூடாது, அதுக்குத்தானே படிக்க வைக்கிறேன்" என்கிறார். அவருடைய வலி எனக்குப் புரிகிறது. அவரிடம் நான் சொல்வது இதுதான்: ஐயா, துடைப்பத்தைச் சிலருக்கு மட்டும் ஒதுக்கியதுதான் கொடுமை. எல்லாப் பிள்ளைகளும் பிடித்தால் அந்த ஒதுக்கல் அங்கே முடிகிறது. தன் கழிவறையைத் தானே கழுவிய பிள்ளை, நாளை வேறொருவரைச் சாக்கடைக்குள் இறக்கச் சம்மதிக்கமாட்டான் என்று நான் நம்புகிறேன்.

ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் இதுவே முறை. பல வீடுகளில் சமையல் மகளுக்கு, வங்கி மகனுக்கு என்று பிரித்துவிடுகிறோம். வெளியூருக்குப் போகும்போது மகன் பசியோடும் மகள் பயத்தோடும் போகிறார்கள்.

ஒரு சோறு பதம்

வாழ்க்கைத் திறன்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 1990-களில் பத்துத் திறன்களைப் பட்டியலிட்டது. முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், தன்னை அறிதல், பிறர் உணர்வை உணர்தல் என்று அது போகும். நல்ல பட்டியல். வகுப்பறைச் சுவரில் அட்டையாகத் தொங்கவும் பார்த்திருக்கிறேன். ஆனால் முடிவெடுக்கும் திறன் அட்டையைப் பார்த்து வருவதில்லை. அது உலைக்கு முன்னால் நிற்கும்போது வருகிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழியை விளக்கிக் கட்டுரை எழுதிய பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஒரு சோற்றை எடுத்து விரலிடையில் நசுக்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நசுக்கும்போது நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவேண்டும். புள்ளி மறைந்து, அதே சமயம் சோறு உருக்குலையாமல் இருந்தால் வடிக்கலாம். அடுப்பை எப்போது அணைப்பது என்பதை அந்தச் சோறு சொல்லும். அந்த நிமிடம் அருகில் அம்மா இல்லாமல், பிள்ளை தானே பார்த்து, தானே அணைத்தால் அது முடிவெடுத்தல். குழைந்துவிட்டால் அதில் தயிர் ஊற்றிப் பிசைந்து தாளித்தால் அது சிக்கலைத் தீர்த்தல்.

குக்கர் என்றால் அதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. மூடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஆவி போகும் துளை அடைபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஸ்கட் வெடிப்பு இல்லாமல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். ஆவி சீராக வந்தபின் வெயிட் போட வேண்டும். அழுத்தம் தானாக இறங்கும் முன் மூடியைத் திறக்கக் கூடாது. எரிவாயு சிலிண்டரையும் பார்த்து வாங்க வேண்டும். அதன் கழுத்துப் பக்கத் தகட்டில் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். இலக்கம் ஆண்டைக் குறிக்கும். அந்தச் சிலிண்டரை அடுத்து எப்போது சோதிக்க வேண்டும் என்ற கெடு அது. கெடு தாண்டியதை வாங்கிக்கொள்ளக் கூடாது.

எரிவாயு வாசம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, இரண்டிலும் பொறி பறக்கலாம். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அழைக்க வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும் என்ற அறிவியலைச் சமையலறையில் நின்று சொன்னால் பிள்ளை மறக்காது.

பணமும் கையெழுத்தும்

பத்து வயது நிரம்பிய பிள்ளைகள் தாமே சேமிப்புக் கணக்கை இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-இல் சொல்லிவிட்டது. ஆனாலும் பணம் எடுக்கும் சீட்டை எப்படி நிரப்புவது என்று கேட்டு என் அறைக்கு வந்த மாணவிகள் பலர். 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கின. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் நேராக வருகிறது. நல்ல திட்டம். ஆனால் ஏ.டி.எம். அட்டை அப்பாவின் சட்டைப் பையில் இருந்தால், அந்தப் பணம் படிப்புக்கு உதவும், பணத்தைக் கையாளக் கற்றுக்கொடுக்காது. ஆயிரம் ரூபாயை மாதக் கடைசிவரை இழுத்துப்பிடிப்பது எப்படி என்பதை ஆயிரம் ரூபாய்தான் கற்றுத்தர முடியும்.

வீட்டின் ஒரு செலவைப் பிள்ளையிடம் ஒப்படைத்துப் பாருங்கள். மின்கட்டணம் அதற்கு ஏற்றது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள், வீடுகளுக்கு முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை, அதற்குமேல் படிப்படியாக விலை ஏறுகிறது. மீட்டரைப் படித்து, போன முறை எண்ணைக் கழித்து, எந்தப் படியில் வீடு நிற்கிறது என்று கணக்குப் போட்ட பிள்ளை, யாரும் சொல்லாமலே மின்விசிறியை அணைத்துவிட்டு வெளியே வரும்.

கையெழுத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1875-ஆம் ஆண்டின் வயது வருதல் சட்டமும் சேர்ந்து, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் கையெழுத்தால் ஒப்பந்தம் உருவாகாது என்கின்றன. பதினெட்டாம் பிறந்தநாள் முதல் அதே கையெழுத்து கடன் பத்திரத்திலும், வாடகை ஒப்பந்தத்திலும், நண்பனுக்குப் போடும் ஜாமீனிலும் அவரை முழுதாகக் கட்டும். அந்த நாளில் நாம் கேக் வெட்டுகிறோம். அதே நாளில் பிள்ளையை உட்காரவைத்து ஒரு கல்விக் கடன் விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். படிப்புக் காலத்திலும், வழக்கமாக அதன்பின் ஓராண்டு வரையிலும் தவணை கட்டவேண்டியதில்லை, ஆனால் வட்டி அப்போதே ஏறத் தொடங்கிவிடும் என்பதைப் பிள்ளை தன் விரலால் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

உடம்பு தன் பொறுப்பு

விடுதியில் இரவு பதினோரு மணிக்கு வரும் காய்ச்சலுக்கு அறைத்தோழிகள்தான் முதல் மருத்துவர்கள். ஆளுக்கொரு மாத்திரை கொடுப்பார்கள். பெயர் வேறு, உள்ளிருக்கும் மருந்து ஒன்றே என்பது தெரியாமல், பாரசிட்டமாலை மூன்று பெயர்களில் விழுங்கிய பெண்ணை நான் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். மாத்திரை அட்டையில் பெரிய எழுத்துப் பெயருக்கு அருகில் இருக்கும் சிறிய எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். டெங்கு இருக்கலாம் என்ற காலத்தில் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் ரத்தக் கசிவுக்கு வழிவகுக்கும், தொடக்கூடாது என்று சொல்லிவையுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தம்ளரில் போட்டுக் கலக்குகிறார்கள். அது தவறு. ஒரு லிட்டருக்கான பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கலக்க வேண்டும். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஒரு நாளுக்குமேல் வைத்திருக்கக் கூடாது. மனம் தாங்காத இரவுகளுக்கும் ஓர் எண் உண்டு: 14416, அரசின் டெலி மனஸ் சேவை. 108 போல இதையும் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

ஒன்பது நாள்

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தப் பேச்சின் நடுப்பொருள்.

என் விடுதி மாணவி ஒருத்தி தன் பழைய கைப்பேசியை இணையத்தில் விற்க முயன்றாள். வாங்குவதாகச் சொன்னவன், "பணம் அனுப்புறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணிப் பின் நம்பர் போடுங்க" என்றான். போட்டாள். 8,500 ரூபாய் போய்விட்டது. பணம் அனுப்பத்தான் பின் எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை என்ற ஒரு வரி அவளுக்குத் தெரிந்திருந்தால் அது நடந்திருக்காது.

ஆனால் என்னை வருத்தியது அந்த அறியாமை அன்று. ஒன்பது நாள் கழித்துத்தான் அவள் என்னிடம் சொன்னாள். அந்த ஒன்பது நாளும் இரவு உணவைத் தவிர்த்திருக்கிறாள். கணக்கில் குறைந்ததை ஈடுகட்ட வேண்டுமாம். "வீட்டுக்கு ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா அப்பா படிப்பையே நிறுத்திடுவாரு மேடம்" என்றாள்.

பணம் போன உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்திருந்தால், அது கைமாறும் முன் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருந்திருக்கும். ஒன்பது நாளில் அந்த வாய்ப்பு போய்விட்டது. அவளுடைய அப்பாவிடம் நானே பேசினேன். அவர் திட்டவே இல்லை. "இத்தனை நாள் சாப்பிடாம இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, மறுமுனையில் பேச முடியாமல் நின்றார். நல்ல மனிதர். ஆனால் அவர் நல்லவர் என்பது மகளுக்குத் தெரியும்படி, பதினெட்டு ஆண்டுகளில் ஒரு சிறிய தவறும் அந்த வீட்டில் நிதானமாகப் பேசித் தீர்க்கப்பட்டதில்லை.

நண்பர்களே, தவறு மலிவாகக் கிடைக்கும் இடம் வீடு. சோறு குழைந்தால் அரைப்படி அரிசி நட்டம். சாயம் ஒட்டினால் ஒரு சட்டை நட்டம். கடையில் மீதிச் சில்லறை வாங்க மறந்தால் இருபது ரூபாய் நட்டம். வெளியே போனபின் அதே வகைத் தவறுகளின் விலை பலமடங்கு ஏறுகிறது. மலிவாக இருக்கும்போது பிள்ளைகள் தவறு செய்து பழகட்டும். அதைவிட, செய்த தவறை வந்து சொல்லிப் பழகட்டும். "அம்மா, தப்புப் பண்ணிட்டேன்" என்று அன்றைக்கே சொல்லத் தெரிவதுதான் எல்லாத் திறனுக்கும் மேலான திறன். அதைப் பிள்ளைக்கு நேரடியாகக் கற்பிக்க முடியாது. அந்தச் சொல்லைக் கேட்கும்போது நம் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று நாம்தான் கற்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிகிறது. கல்லூரி திறக்க ஜூன் இறுதியோ ஜூலையோ ஆகிறது. நுழைவுத் தேர்வுகள் முடிந்தபின்னும் சில வாரங்கள் கிடைக்கும். ஆனால் எல்லாவற்றையும் அந்த வாரங்களில் திணித்தால் அதுவும் இன்னொரு கோச்சிங் வகுப்பாகிவிடும். பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். அந்த வகுப்பின் பொதுத்தேர்வை 2025-26 முதல் அரசு எடுத்துவிட்டது. கிடைத்த மூச்சை முழுவதும் டியூஷனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வாரம் ஒரு வேளைச் சமையல், மாதம் ஒரு வங்கி வேலை, தன் துணி தன் கையால். இவ்வளவு போதும்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கைத்தொழில் வகுப்பையும் விளையாட்டு வகுப்பையும் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். அந்த வேளையில் வங்கிச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் மின்கட்டண ரசீதையும் மேசைமேல் பரப்புங்கள். வகுப்பில் யாருக்கு இவை ஏற்கெனவே தெரியும் என்று கேளுங்கள். பெரும்பாலும் கடைசி பெஞ்சிலிருந்து கை உயரும். அந்தப் பிள்ளையை முன்னால் அழைத்துக் கற்பிக்கச் சொல்லுங்கள். தான் சுமையாகத் தூக்கிவந்தது அறிவும்கூட என்று அந்தப் பிள்ளைக்கு அன்று தெரியும்.

துவைகல்லருகே பார்த்த இரண்டு பெண்களும் அந்த ஆண்டு முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்தே துவைத்தார்கள். துவைத்துக்கொண்டே ஒருத்தி மற்றவளுக்கு ஆங்கிலப் பாடம் வாசித்துக் காட்டினாள். அந்த ரோஜா நிறக் கோட்டைத்தான் மூன்று ஆண்டுகளும் ஆய்வகத்துக்குப் போட்டுக்கொண்டு வந்தாள், அன்று அழுதவள். புதியது வாங்கிக்கொள்ளச் சொன்னேன். "வேண்டாம் மேடம், நானே துவைச்சது" என்றாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு அடுப்பைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுத் திண்ணையில் உட்காருங்கள். கருகல் வாசம் வந்தாலும், கூப்பிட்டால் மட்டும் எழுந்து போங்கள். பரிமாறியதை எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.